பேருந்தில் எடுத்த படம்

விக்டோரியா நீர்வீழ்ச்சி எப்படியிருந்தது என்று யாராவது கேட்டால் நல்லது என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்காளம்தான் வருகிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த நோர்வேஜியன் ஒருவனை விரும்பினேன். இது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்கு, நான்கு பெண்பிள்ளைகளாக ஆப்பிரிக்கா போகிறோம் என்று சொல்லப்பட்டிருந்தது. போனது நாங்கள் இரண்டு பேரும்தான். அம்மா நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவின் பியோர்ண்டாலுக்கு வந்தவர். எதையும் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

"போயிட்டு வாங்கோ. வந்தாப்பிறகு ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா. ஆளைப் பார்த்திட்டு அப்பாவோடை நான் கதைக்கிறன்" என்றார். ஆகவே பயணம் முழுக்க என் மனம் அந்த ஒரு சாப்பாட்டில்தான் இருந்தது.

சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவிலிருந்து நீர்வீழ்ச்சி இருக்கிற லிவிங்ஸ்டனுக்கு நல்ல பேருந்துகளும் ஓடின. அவனுக்கு அவை வேண்டாமாம், ஏழைச் சனம் போகிற பேருந்துதான் வேண்டுமாம். அது நிறைந்தால்தான் வெளிக்கிடும். நிறைந்ததுபோலக் காட்டுவதற்குப் பேருந்துக்காரர் தங்கள் ஆட்களையே இருக்கைகளில் இருத்திவைத்திருந்தார்கள். உண்மையான பயணி ஒருவர் ஏற, பொய்ப்பயணி ஒருவர் இறங்குவார். மூன்று மணித்தியாலம் வெயிலில் அவிந்தோம். கருவாடு, டீசல், ஏதோ ஒரு குழந்தையின் வாந்தி. மீன் நாற்றத்தில் வளர்ந்த எனக்கே குமட்டியது.

அவனுக்கோ எல்லாமே 'எக்தே', அசல். நாற்றமும் எக்தே, காலடியில் கிடந்த கோழியும் எக்தே. தான் நான்கு நாளாகக் குளிக்காததையும் அந்தப் பெருமையில் சேர்த்துக்கொண்டான். ஊத்தைக் காலைத் தூக்கி முன் இருக்கையில் வைத்திருந்தான். அரியண்டம். என் தாய் தகப்பன் வேறு வழியில்லாமல் பட்ட பாட்டை இவன் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து படுகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எப்படியும் ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் குளிப்பான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த வரிசையில் ஒரு அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி வந்தார். அவன் கமராவை எடுத்தான். முகம் தெரியவில்லை. நீ போய் அனுமதி கேள், உன்னைக் கண்டு கூச்சப்படமாட்டார், நீயும் இவர்களைப் போலத்தானே இருக்கிறாய் என்றான். அந்த ஒரு சொல்லுக்கே கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கவேண்டும். நான் எழும்பிப் போனேன்.

அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். படம் எடுக்கலாமா என்று கேட்கவில்லை. வெறுமனே கையை நீட்டினேன். துக்கம் விசாரிக்க வந்தவள் என்று நினைத்திருப்பார். முகத்திலிருந்து கைகளை எடுத்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பின்னால் கமரா நாலைந்து தரம் சத்தம் போட்டது. நான் கையை இழுக்கவில்லை. படம் சரியாக வரட்டும் என்று அசையாமல் இருந்தேன்.

பிறகு ஒரு சின்ன ஊரில் பேருந்து நின்றது. அடியிலிருந்த எங்கள் முதுகுப்பைகளை எடுத்துப் புழுதியில் எறிந்தார்கள். அவற்றின் கீழிருந்து ஒரு சவப்பெட்டி வந்தது. அந்த அம்மாவின் மகன் என்று நடத்துநர் சொன்னார். லுசாக்காவிலிருந்து எங்கள் பைகள் அவன்மேல்தான் கிடந்திருக்கின்றன. அவர் போகும்போது என்னைத் தேடிப் பார்த்துத் தலையசைத்தார். நல்லவேளை படத்தை முதலே எடுத்துவிட்டோம், இனி எடுத்தால் மரியாதையாக இருக்காது என்றான் அவன்.

அடுத்த நாள் நீர்வீழ்ச்சி. மழைக்கு முந்திய மாதம் என்பதால் நாங்கள் நின்ற பக்கத்தில் தண்ணீரே இல்லை. உயரமான கறுத்த பாறை, ஒரு மூலையில் குழாயைச் சரியாகப் பூட்டாததுபோல ஒரு ஒழுக்கு. எந்த மாதத்தில் போகவேண்டும் என்று இரண்டு பேருமே விசாரிக்கவில்லை. அவனுக்கு அது பெரிய ஏமாற்றமாகத் தெரியவில்லை. அவனிடம்தான் படம் இருந்ததே.

அவனை அங்கேயே கைகழுவியிருக்கலாம். ஆனால் கையைக் கொடுத்தவள் நான். அவனைச் சீ என்று சொல்ல எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா வேலையில். குளித்து, சவரம் செய்து, பூங்கொத்தோடு வந்திருந்தான். கையால் சாப்பிட்டான். அம்மாவின் முகம் மலர்ந்தது. சாப்பாட்டுக்கு நடுவிலேயே மடிக்கணினியைத் திறந்து படங்களைக் காட்டினான். சந்தை, கோழி, பாறை. பிறகு அந்தப் படம். திரை நிறைய ஒரு தாயின் முகம். கீழே அவருடைய இரண்டு கைகளுக்குள் இன்னொரு கை, அம்மா எனக்குப் போட்டுவிட்ட மெல்லிய காப்போடு.

ஏன் அழுகிறார் என்று அம்மா கேட்டார். மகன் இறந்துவிட்டான் என்றேன். அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து அந்தக் காப்பைப் பார்த்தார்.

"இது உன்ரை கையெல்லோ?"

"ஓம்."

"படம் எடுக்கவோ கையைக் குடுத்தனீ?"

அவன் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தான். அம்மா என்ன சொல்கிறார், படம் பிடித்திருக்கிறதாமா என்று கேட்டான். இன்னும் மீன் வேண்டுமா என்று கேட்கிறார் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

அவன் தட்டை நீட்டினான். அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி நன்றாகவே தெரியும். பெரிய துண்டாகப் பார்த்து அவனுக்குப் போட்டார். என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவோடு கதைக்கிற விஷயத்தை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை. நானும் கேட்கவில்லை.