இலையைப் பிடித்திருந்த கை

தேனியில் ஒரு சின்ன அலுவலகத்தில், திராட்சை இலை நோயைத் தானாகக் கண்டறியக் கம்ப்யூட்டரைப் பழக்கும் வேலை எனக்கு. விவசாயிகள் அனுப்பும் படங்களில் நோய்ப்புள்ளிகளைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும்.

கம்பத்திலிருந்து ஒருவர் அனுப்பும் படங்கள் அத்தனை தெளிவாக இருக்கும். இன்னும் சில கேட்டு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவுக போன மாசம் தவறிட்டாக தம்பி. நெஞ்சுவலி."

இலைப் படங்களுக்காக அழைத்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஒங்ககிட்ட இருக்குற படத்துல அவுக இருக்காகளா?"

"கை மட்டுந்தான் தெரியுதுக்கா. இலையப் பிடிச்சிருக்காக."

"அத அனுப்பி விடுங்க தம்பி."

எல்லாவற்றையும் அனுப்பினேன். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "நகத்துல மண்ணுகூட அப்படியே இருக்கு தம்பி" என்று அழுதார்.

இப்போது எந்தப் படம் வந்தாலும், என் கண் முதலில் கையைத்தான் தேடுகிறது.