கம்ப்ரஷன் நாதன்

இஞ்சினின் தலைமூடியான சிலிண்டர் ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, அதன் குழிக்குள் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அமலநாதன். இடது பக்கம் கொஞ்சம் மங்கல். மறுபடியும் பாலிஷ் சக்கரத்தை ஓடவிடுகிறார். குழி மினுங்குகிறது, மீசை தெளிகிறது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

பாசிர் கூடாங்கில், தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டறை. ‘கம்ப்ரஷன் நாதன்’ என்பது ஊர் வைத்த பெயர் என்பார். ஊரைக் கேட்டால், அவர் சொல்லித்தான் தெரியும் என்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பாடம் நடக்கும். “ஃபேக்டரி பஸ் பாத்திருக்கல்ல தம்பி? நாப்பது பேரு ஏறுற பஸ்ல அறுபது பேர அடச்சிரு. கதவத் தொறந்தா எப்படித் தெறிச்சி வெளிய வருவானுங்க? அதான்லா கம்ப்ரஷன்.” பாடம் சரிதான். எரிபொருளையும் காற்றையும் எவ்வளவு சின்ன இடத்தில் நெருக்குகிறோமோ, அவ்வளவு ஆத்திரமாக வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். அதற்காக ஹெட்டின் அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவி, உள்ளே இருக்கும் இடத்தைக் குறைப்பார்கள். இதுவரை அவர் மேல் குற்றமில்லை.

சீவிய ஹெட்டை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். காதருகே கொண்டுபோவார். கண்ணை மூடுவார். “பன்னெண்டு புள்ளி அஞ்சு.” அத்தனை மடங்கு நெருக்குமாம். தசமப் புள்ளியைக் காதால் கேட்கும் மனிதர் ஜொகூர் மாநிலத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அளந்து பார்க்கலாமே என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. “அளக்குறதெல்லாம் வேல தெரியாதவன் செய்றது, லா.”

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எச்சரிக்கையும் உண்டு. “தொண்ணூத்தஞ்சு பெட்ரோலு ஊத்திடாத, இஞ்சின் தாங்காது. தொண்ணூத்தேழுதான்.” இளவட்டங்கள் மருந்துச்சீட்டைப்போல் அதை மனப்பாடம் செய்துகொண்டு, விலை கூடிய பெட்ரோலை ஊற்றுகிறார்கள். கூடவே, காது கிழியும் புகைக்குழாய் ஒன்றையும் மாட்டிவிடுவார். சத்தம் ஏறினால் வேகம் ஏறிய மாதிரியே இருக்கும். பதினோரு வருஷமாக ஒரு புகார்கூட வந்ததில்லை.

வீரமுத்து வந்தது போன மாதம். பாலோவில் எண்ணெய்ப்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. இருக்கிற ஒரே மோட்டாரை இவரிடம் விட்டுவிட்டு, மூன்று வாரமாக அடுத்தவன் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவன். பொந்தியானில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மோட்டார் பந்தயப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். ஆலையில் பாதிப் பேர் வேன் பிடித்து வருகிறார்கள். ஜெயிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

இந்த வருஷம் போட்டிக்காரர்கள் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். கம்ப்ரஷன் எவ்வளவு என்று முறைப்படி அளந்து, அளந்தவர் கையெழுத்தும் போட வேண்டும். பதின்மூன்றைத் தாண்டினால் பெரிய வண்டிகளின் பிரிவு.

அமலநாதனுக்கு வியர்த்தது. தாண்டிவிடுமோ என்றுதான்.

நல்லவேளை, வீட்டிலேயே ஆள் இருந்தது. மனைவி ஷர்மைன் இரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் திரவம் அளப்பதுதான் பிழைப்பு. சனிக்கிழமை மத்தியானம் அளவுக்குழாயோடு பட்டறைக்கு வந்தார்.

“ஷர்மி, பதிமூணு தாண்டுனா கொஞ்சம் கொறச்சி எழுதிரு.”

“மொதல்ல வரட்டுங்க.”

பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக மெல்லிய எண்ணெயை இறக்கினார். துளை நிரம்பியது. உள்ளே போன எண்ணெயின் அளவுதான் அங்கே இருக்கும் இடம். குழாயைப் பார்த்தார், கைப்பேசியில் கணக்குப் போட்டார், மறுபடியும் போட்டார்.

“ஒம்பது புள்ளி ஒம்பது.”

“பதிமூணு இல்ல?”

“பத்துகூட இல்லங்க. கம்பெனிக்காரன் குடுத்தது எவ்ளோ?”

“பத்து புள்ளி ஒம்பது.” சொல்லும்போதே அமலநாதனின் குரல் இறங்கியது.

“அலமாக்! அவன் குடுத்ததுலருந்து ஒண்ணு கொறச்சி வச்சிருக்கீங்க. ஹெட்டுக்கு அடியில கேஸ்கெட் தகடு எத்தன?”

“ரெண்டு. சீவுன பெறகு ஒண்ணு போட்டா கசியும், லா.”

“சீவுனது அர மில்லிமீட்டரு. ரெண்டாவது கேஸ்கெட் கனம் அர மில்லிமீட்டரு. அது சரியாப் போச்சா? அதுக்கு மேல உள்ள தேச்சித் தேச்சிப் பள்ளத்தப் பெருசாக்கிட்டீங்க. எடம் எப்படிங்க கொறையும்?”

“அது பாலிஷ்தான...”

“பாலிஷுன்னா? தேஞ்ச அலுமினியம் எங்க போச்சி, சொர்க்கத்துக்கா?”

அமலநாதனே ஊற்றிப் பார்த்தார். எண்ணெய் அவருக்காக ஒரு சொட்டுகூட விட்டுக்கொடுக்கவில்லை. தலைக்குள் பதினோரு வருஷத்து ஹெட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு கேஸ்கெட், ஒவ்வொன்றிலும் கண்ணாடிப் பளபளப்பு. எத்தனை பேர் எத்தனை டாங்கி தொண்ணூற்றேழு ஊற்றியிருப்பார்கள் என்ற இடத்தில் நினைப்பை நிறுத்திக்கொண்டார். மனிதருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

“ஒரு கேஸ்கெட்ட எடுத்துட்டு, வேற ஹெட்டு மாட்டிக் குடுங்க. உள்ளதச் சொல்லிருங்க,” என்றார் ஷர்மைன். பாரத்தில் 9.9 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்து வீரமுத்து உள்ளே வந்தான். பின்னாலேயே ஆலைக் கூட்டாளிகள் நான்கு பேர்.

“என்னா பாஸ், அளந்தாச்சா? பதிமூணு தாண்டல இல்ல? என் பிரிவு மாறிடாதுல்ல?”

“மாறாது தம்பி,” என்றார் அமலநாதன். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த, அளந்து சொன்ன உண்மை அது.

“அப்பாடா! சொன்னேன்லடா, பாஸ் கை ராசி!” என்று கூட்டாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, பாரத்துக்குக் கை நீட்டினான். அமலநாதன் நீட்டினார். வீரமுத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். தாள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். எண்ணின் மேல் அழுத்தி வைத்திருந்த கட்டைவிரலை அமலநாதன் எடுக்கவில்லை.