நெல்லுக்கு உப்புத் தண்ணீர்

நெல்லை வாழவைப்பதற்காக நெல்லைச் சாகடித்துப் பார்ப்பது என் தொழில். "என்னம்மா வேலை பாக்குற?" என்று உறவினர் கேட்டதும் விழிப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். கடல்நீர் கசியும் வயலிலும் விளையக்கூடிய நெல்லை, மலேசியக் கடலோர ஊரான ஜெராமில் தேடுகிறோம். தொட்டி நாற்றுகளுக்கு நான் உப்புத் தண்ணீர் ஊற்றுவேன். தாங்கும் செடியிலிருந்து புது ரகம் உருவாக்குவோம். இந்தப் பருவத்தில் ஒரு செடியாவது மணி பிடிக்காவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். நான் செரண்டா ஊரில் ஏதாவதொரு தொழிற்சாலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.

மளிகைக்கடை

கோலா சிலாங்கூரில் மூட்டை உப்பு வாங்கப் போனேன். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நடுக்கம். கடைக்கார அண்ணன், "கருவாட்டுக்கா?" என்றார். "நெல்லுக்கு" என்று முனகினேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் மூட்டையை லோரியில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "சோத்துல போட்டா போதும்லா தங்கச்சி, வயல்லேயேவா போடுவாங்க?"

இலை ருசி

ஆற்றுமுகத்து அலையாத்தி மரம், உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியே தள்ளிவிடும். நெல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பொறாமையில் ஒருநாள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஓர் இலையை நக்கினேன். சரியாகப் பார்க்கவில்லை போலும். பின்னால் நின்றது, மறுவாரம் என்னைப் பெண் பார்க்க வரவிருந்த அம்மாள், குடும்பத்தோடு! அவர் மிகவும் கனிவாகச் சொன்னார்: "பசிச்சா சொல்லும்மா, கார்ல பிஸ்கட் இருக்கு."

ஸ்டெல்லா அக்கா

என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா, முன்பு எஸ்டேட் நாற்றுப்பண்ணையில் இருந்தவர். செடி வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. சில நெல் ரகங்கள் உப்பைப் பழைய இலைகளில் அடைத்து, அவற்றைக் கைவிட்டு, இளம் இலையைக் காப்பாற்றும். அடியிலைகள் கருகுவதைக் கண்ட அக்கா, நான் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாத் தொட்டியையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டார். உப்பை அளக்கும் மீட்டரை வைத்தால் உப்பே காணோம். அழுதுகொண்டே மறுபடி கரைத்து ஊற்றினேன். அக்கா அசரவில்லை. "வாய் இருந்தா அதுங்களே உன்னைப் போலீஸ்ல சொல்லியிருக்கும், பாப்பா!"

கதிர்

அறுவடையன்று ஆய்வுத் தலைவர் வந்து கதிர் கதிராக அழுத்திப் பார்த்தார். எல்லாம் பதர். கடைசி வரிசையில் ஒரு செடி. அடியிலைகள் வைக்கோல், உச்சி இலை பச்சை. நகத்தால் அழுத்தினார், நசுங்கவில்லை. மணி! தொட்டிகளை அலசிய கதை தெரிந்த அவர் சந்தேகமாக அக்காவைப் பார்த்தார். நான் மீட்டரை வைத்தேன். உப்பு அப்படியே இருந்தது. கூச்சமெல்லாம் மறந்து, அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். மூச்சுத் திணறியபடி அக்கா தலைவரிடம் சொன்னார்: "என்னை முறைக்காதீங்க சார், அது தானாத்தான் பிழைச்சுது!"

ஆக, ஒரேயொரு செடி சாக மறுத்துவிட்டதால், மற்ற செடிகளைச் சம்பளத்தோடு கொடுமைப்படுத்த எனக்கு இன்னொரு பருவம் கிடைத்திருக்கிறது.