பச்சைக்கு அடியில் காய்ந்த புல்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த மறுவாரம். சிங்கப்பூரில் பல நாட்களாகச் சொட்டு மழை இல்லை. நான் கிளமெண்டி பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பருவநிலை மாறிவரும் இந்தக் காலத்தில் எந்தப் புல்வெளி எப்போது தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் வேலை. "நம்ம ஊர்ல காட்டுத்தீயா?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். தொடர்ந்து வெயில் அடித்தால் இங்கே ஆள் உயரத்துக்கு வளரும் லாலாங் என்ற காட்டுப்புல் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்ததில்லை.

செயற்கைக்கோள் படங்களையும் மழை, காற்று விவரங்களையும் வைத்து வாராவாரம் வரைபடம் போடுவேன். ஆபத்தான இடம் சிவப்பு, மற்றது பச்சை. மேற்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்த பெரிய புல்வெளி அந்த வாரம் பச்சையாக வந்தது. அங்கே புல் வெட்டுவதைத் தள்ளிப்போடலாம் என்று புல் வெட்டும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வெட்டும் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

காற்றை அளக்கும் கருவியை எடுத்துவர ஒரு மதியம் அங்கே போனபோது, ஒருவர் மட்டும் வீடுகளை ஒட்டிய வேலியோரம் வெட்டிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைக்காரர். என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியவர்.

"இங்க வெட்ட வேணாம்னு சொல்லிட்டாங்களே அண்ணா?"

"தெரியும் மேடம். பாஸ்கிட்ட கெஞ்சி அரை நாள் வாங்கிட்டு வந்தேன். வீட்டோரமாவது ஒரு பட்டை வெட்டிடுறேன். இது பத்திக்கும்."

"மேப்ல பச்சையா இருக்கு. சேஃப் லா."

அவர் குனிந்து இரண்டு கைகளாலும் புல்லை விலக்கிக் காட்டினார். மேலேதான் பச்சை. அடியில் பழைய புல் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. கையில் எடுத்ததும் அப்பளம் போல நொறுங்கியது. மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் புல்வெளியின் நடுவே இருந்த கருவியைக் கழற்றப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, படபடவென்று சத்தம். நிமிர்ந்தால், நடைபாதைப் பக்கமிருந்து ஆள் உயரத்துக்குத் தீ. காற்று என்னைப் பார்த்து வீசியது. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

"மேடம், வெட்டின இடத்துக்கு வாங்க!" அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெட்டிய புல்லைக்கூட விட்டுவைக்காமல் வாரி மூட்டை கட்டியிருந்தார். வெறும் மண்தான் இருந்தது. தீ அந்தப் பட்டையின் ஓரம் வரை வந்தது, முகத்தில் அனல் அடித்தது, பிறகு பற்ற ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. மிச்சத்தைத் தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். வீடுகளுக்குப் புகை வந்ததோடு சரி, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

"வெட்ட வேணாம்னு எழுதினதே நான்தான் அண்ணா" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டி, "அடுத்த தடவ எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் எதையும் மறைக்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரு டீக்கடையில் அவரையும் அவர் கூட்டாளிகள் இருவரையும் சந்தித்தேன். மேசையில் வரைபடத்தை விரித்ததும் மூவரும் என்னை மறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் விரல் வைத்தார்கள். எங்கே குறுக்குப்பாதை போகிறது, எங்கே சிகரெட் துண்டு விழும், எந்த மூலையில் அடிப்புல் மண்டும் என்று எழுத எழுத எனக்குத் தாள் போதவில்லை. இப்போது அவர்கள் வெட்டப் போகும் இடத்தில் எல்லாம் அடிப்புல்லை அளந்து படமெடுத்து அனுப்புகிறார்கள். அதற்குக் கூலியும் உண்டு, அறிக்கையில் அவர்கள் பெயரும் உண்டு.

இந்த வருட வறட்சியில் அதே புல்வெளியை வரைபடம் முன்னதாகவே சிவப்பாகக் காட்டியது. உடனே வெட்டினார்கள். ஒரு மூலையில் பற்றிய தீ, நாலு எட்டு போவதற்குள் தானே அணைந்தது.

வெயில் வருடத்துக்கு வருடம் கடுமையாகிக்கொண்டுதான் போகிறது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு போய் நின்றால் சொல்லித்தர மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம், அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவே இல்லை.