கணக்கப்பிள்ளை வராத மேட்ச்

இன்று மஸ்கெலியா பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்து கோல்கீப்பர் ராசுவிடம் கேட்டேன்.

"மேனேஜர் இல்லாம எப்படிடா ஜெயிச்சீங்க?"

மலையில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைதான் புட்பால் டீமுக்கும் மேனேஜர். போன ஞாயிறு செமி பைனல் அன்று அவர் ஒரு கல்யாணத்துக்காகத் தலவாக்கலை போயிருந்தார்.

ராசு சொன்னான்.

"அவரு ஓரத்துல நின்னு கத்துனா, மலையில மாதிரியே அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்துருவோம். அந்த நேரத்துல கோல் விழுந்துரும். அன்னைக்குப் பந்தைப் பார்த்தோம்."

முன் சீட்டில் இருமல் கேட்டது. கணக்கப்பிள்ளையேதான். ராசு சட்டென்று எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருப்பா. பைனலுக்கு நான் கட்டாயம் வர்றேன்" என்றார்.

வரும் ஞாயிறு பைனல். அன்றைக்குத் தலவாக்கலைப் பக்கம் யார் வீட்டிலாவது கல்யாணம் இருந்தால், தயவுசெய்து அவருக்கு ஒரு பத்திரிகை வையுங்கள்.