டாக்டர் முகத்துக்கு நேரே ஒரு கால்

அந்த டிவியை நான் உடைக்காமல் விட்டது அதன் அதிர்ஷ்டம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் இருக்கிற சின்ன கிளினிக் அது. சளி, காய்ச்சல், சுகர் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கேதான் போவோம். முன்பு டாக்டர் நேரில் உட்கார்ந்திருந்தார். பிறகு சென்னைக்குக் குடிபோய்விட்டார். அவர் உட்கார்ந்த இடத்தில் சுவரில் ஒரு டிவியை மாட்டி, அதன் தலையில் ஒரு கேமராவையும் வைத்தார்கள். நர்ஸ் பிரஷர் பார்ப்பாள், விரலைக் குத்தி சுகர் பார்ப்பாள். டிவிக்குள்ளிருந்து டாக்டர் மருந்து சொல்வார்.

ஆரம்பத்தில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. எனக்குத் தைராய்டு. ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்பதற்கு டிவி டாக்டரே போதும். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் வேறு கதை. டிவி சத்தம் கதவைத் தாண்டி வரும். ஒரு பெண்ணிடம் மாதவிலக்கு பற்றி டாக்டர் கேட்டது பெஞ்சு முழுக்கக் கேட்டது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன மீன்கார அம்மா, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொருமினாள். “எங்க வலிக்குதுன்னு என்னையே அமுக்கிப் பாக்கச் சொல்றாரு. நானே அமுக்கிக்கினா அப்புறம் டாக்டரு இன்னாத்துக்கு?” எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு சுகர். கடற்கரைக்குப் போகிற தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். மணலில் வார் அறுந்து வெறுங்காலோடு வருகிற டூரிஸ்ட்டின் காலை ஒரு பார்வை பார்த்தே அளவு சொல்லிவிடுவார். ஊரார் காலையெல்லாம் பார்க்கிற மனுஷன் தன் காலை மட்டும் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்துவிட்டு நான்தான் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கட்டைவிரலுக்கு அடியில், உள்ளங்காலில் புண். வலிக்கவில்லை என்றார். சுகர் இருக்கிறவருக்குக் காலில் புண் வந்து வலிக்காமல் இருந்தால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

கிளம்புங்கள் என்றேன். கிளம்பினாரே ஒரு கிளம்பல். குளித்தார், தாடியைச் சீவினார், இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார், அத்தர் வேறு. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகூட அவ்வளவு சிங்காரித்திருக்க மாட்டான்.

ஏன் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் பையன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். வீடியோ காலில் நோயைக் காட்டக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளை அதைப் பார்த்து என்ன செய்யும், வேலையை விட்டுவிட்டு ஓடி வருமா? அதனால் போன் அடித்தால் முதலில் முகம் கழுவுவோம். பச்சைத் திரைச்சீலைக்கு முன்னால் நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். எனக்கு டெங்கு வந்தபோது, டிரிப்ஸ் ஏறுகிற கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அவனிடம் பக்ரீத் பிரியாணியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஸ்கிரீனில் ஒரு முகம் தெரிந்தால் போதும், நல்லா கீறேன் என்று எங்கள் வாய் தானாகச் சொல்லிவிடும்.

டிவி டாக்டரிடமும் இவர் அதையேதான் சொன்னார்.

“எப்படி இருக்கீங்க பாய்?”

“சூப்பரா கீறேன் சார்.”

“சுகர் ஏறியிருக்கே?”

“கல்யாண சீசன் சார். வாயக் கட்ட முடியல.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதே டாக்டர் இங்கே இருந்த காலத்தில், இவர் வாசலில் நுழையும்போதே, “இன்னா பாய், காலை இழுத்துகினு வரீங்க” என்று கேட்டிருப்பார். நோயாளி நடந்து வருவதைப் பார்ப்பதிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும். இப்போது டிவி முழித்துக்கொள்ளும்போது நோயாளி ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. அவருக்குத் தெரிந்தது சீவின தாடியும் இஸ்திரிச் சட்டையும்தான்.

“கால்ல புண்ணு சார்” என்றேன் நான்.

“கொப்புளம் சார். நாள் பூரா கடைல நின்னுகினே கீறேன்ல” என்றார் இவர்.

போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி, டாக்டர் ஒரு ஆயின்ட்மென்ட் எழுதினார். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். டிவி பார்க்கச் சொல்லவில்லை, அவளும் பார்க்கவில்லை.

அந்தப் போட்டோவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடையில் உட்கார்ந்து அவரே எடுத்து அனுப்பியிருக்கிறார். காலைக் கழுவி, நகத்தை வெட்டி, மேலேயிருந்து எடுத்த போட்டோ. புண் இருப்பதோ அடியில். டாக்டர் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பிவைத்திருந்தார். அவ்வளவு படித்த மனிதர், உள்ளங்காலைக் காட்டுங்கள் என்று ஒரு வரி கேட்கக் கூடாதா? இவரைக் கேட்டால், “அசிங்கத்தப் போயி ஒரு பெரிய மனுஷனுக்கு எப்டிடி அனுப்பறது?” என்கிறார். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் பூட்டிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரே அறையில் இருந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது.

அடுத்த வாரம் புண்ணிலிருந்து வாடை வந்தது. அத்தரையும் மீறிய வாடை. கடையை அடைக்கச் சொல்லி, ஆட்டோ பிடித்து மறுபடியும் கிளினிக்குக் கூட்டிப் போனேன். மறுபடியும் அதே நாற்காலி, அதே டிவி.

“இப்ப பரவாயில்லையா பாய்?”

“பரவால்ல சார்.”

டாக்டர் குனிந்து எதையோ டைப் அடித்தார். அறையே நாறுகிறது, நர்ஸ் மூக்கைத் துடைக்கிற மாதிரி துப்பட்டாவை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அங்கே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. மேஜையில் இருந்த பிரஷர் மெஷினைத் தள்ளிவிட்டு, இவர் காலைப் பிடித்துத் தூக்கி மேஜை மேல் வைத்தேன். சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். உள்ளங்கால் நேராகக் கேமராவைப் பார்த்தது.

இவருக்கு உயிரே போய்விட்டது. “இன்னாடி பண்றே? டாக்டரு மூஞ்சிக்கு நேரா காலை நீட்டறியே, மரியாத வாணாம்?” என்று காலை இழுத்தார். நான் விடவில்லை. முப்பது வருஷமாகக் குடித்தனம் பண்ணியவளின் பிடி அது.

டிவியில் டாக்டர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது. “இது எத்தனை நாளா இருக்கு?” என்றார்.

“போன தடவை உங்க கிட்ட சிரிச்சுப் பேசினாரே, அப்பவே இருந்துச்சு” என்றேன்.

உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

செங்கல்பட்டில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, முகத்தைக்கூடப் பார்க்காமல், முதலில் காலைத்தான் கையில் வாங்கினாள். அழுத்தினாள், முகர்ந்தாள், ஊசியால் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டாள். அவளிடமும் இவர் நல்லா கீறேம்மா என்று ஆரம்பித்தார். “நீங்க பேசாதீங்க பாய், கால் பேசட்டும்” என்றாள். கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்றாள். நான் வார்டு வராந்தாவில் நின்று அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் பையன் வீடியோ காலில் வந்தான். இவர் அவசர அவசரமாகப் போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொண்டார். சீப்பு எங்கே என்று என்னிடம் சைகை காட்டினார்.

“அத்தா, எப்டி கீறீங்க?”

“நல்லா கீறேம்பா.”

போனைப் பிடுங்கினேன். போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட காலைக் காட்டினேன். எந்த விரல் இல்லை, ஏன் இல்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். பையன் அழுதான். ஏம்மா மறைச்சீங்க என்றான். அழுகிற அந்த முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். புதுசாக ஷேவ் பண்ணியிருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பின்னால் வெள்ளைச் சுவர், எப்போதும் அதே சுவர். எத்தனையோ மாதமாக அவன் உட்கார்ந்தபடியேதான் எங்களிடம் பேசுகிறான்.

“எழுந்து நில்லு” என்றேன். “போனை அங்க வச்சிட்டு நட. நான் பாக்கணும்.”

“நான் நல்லா கீறேம்மா” என்றான். அவன் அத்தா டாக்டரிடம் சொன்ன அதே குரல். சிரித்தான், ஆனால் எழவில்லை.

“எழுந்திருடா” என்றேன்.