மேடையில் மட்டும் பேசும் மச்சான்கள்

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கிற எங்கள் எஸ்டேட்டில் பொங்கல் சாயங்காலம் மேடையேறும் நகைச்சுவை ஒன்றே ஒன்றுதான். அதில் அப்பா பஸ் கண்டக்டர், என் தாய்மாமன் பயணி.

“எங்க ஏறுன?”

“படியில.”

“எங்க இறங்குவ?”

“அதே படியிலதான்.”

இவ்வளவுதான் சரக்கு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தையே காட்டும் போன் கையில் இருந்தும், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள்கூட லீவு போட்டு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். சிரிக்கவா? ஒரு வரி விட்டுப்போகிறதா என்று சரிபார்க்க! மாமா வாயைத் திறக்கும் முன்பே பதிலைக் கூட்டம் சொல்லிவிடும். புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் சாமி குத்தம்.

இதில் விசேஷம் என்னவென்றால், இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் சடங்குப் பந்தியில் மாமாவின் இலைக்குப் பாயசம் வரவில்லை. பகைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்ன? ஒரே லயத்து வரிசைவீட்டில் நாலு கதவு தள்ளிக் குடியிருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லை. பொங்கலன்று மட்டும், ஒத்திகைகூட இல்லாமல், மேடையில் வாய் ஓயாமல் பேசுவார்கள். கலைச்சேவையை விட முடியுமா!

போன பொங்கலுக்கு என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் நான் மணமேடை ஏறக்கூடாது என்றாள் அம்மா. எனக்கும் மாமா வேண்டும். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏலக்காடு முழுக்கச் சுற்றியவர் அவர். அழைக்கப் போனேன்.

“உங்கப்பன் வாயால கூப்புடட்டும், வாரேன்” என்றார்.

“அவன் வாசல்ல என் காலு படாது” என்றார் அப்பா.

வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் கௌரவத்துக்கு வந்ததில்லை. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பொங்கலன்று வழக்கம்போல மேடையேறினார்கள். “எங்க இறங்குவ?” என்று கேட்க வேண்டிய இடத்தில் அப்பா நின்றுவிட்டார். மாமா பக்கம் திரும்பினார்.

“மச்சான், மாசக் கடைசியில நம்ம புள்ளைக்குக் கல்யாணம். நீதான் முன்ன நின்னு நடத்தித் தரணும்.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. புது ஜோக்காம்! மாமா அசையவில்லை. பாவம், பதிலை மறந்துவிட்டார் என்று, “படியிலதான்! படியிலதான்!” என்று ஆளாளுக்கு எடுத்துக்கொடுத்தார்கள். முன்வரிசைப் பண்டிதர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

மாமா மைக்கைப் பிடுங்கினார்.

“வாயப் பொத்துங்கடா! மச்சான் என்னையக் கூப்புடுறாரு.”

அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கிய வரி அதுதான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.